கலங்கல் கரையில் ஒரு கல்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்குமாம். என் வீட்டுக்காரர் சொல்வார். காதைப் பார்த்ததுமே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விடுவார். எழுபதுகளின் கடைசியில் ஏரி நிரம்பிய அந்த வருஷம், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கள் வீட்டு மாடுகள் தண்ணீர் குடித்துக் குடித்தே உப்பிப் போயின. எல்லாம் ஒரு கல்லால் வந்த வினை.

உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி, பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி வரப்பில் நடந்து போகிற ஊர் எங்களுடையது. ஊரைவிடப் பெரியது ஏரி. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கரையின் ஒரு முனையில் கல் கட்டி வைத்திருப்பார்கள். அதற்குக் கலங்கல் என்று பெயர். எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. தோட்டத்துப் படலைத் திறந்து கொஞ்ச தூரம் நடந்தால் கலங்கல். அதன் ஓரத்தில் ஒரு புங்க மரம். மரத்தடியில் வழவழவென்று ஒரு பலகைக் கல், ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். அந்தக் கல்தான் என் சொத்து. பட்டா கிடையாது, ஆனாலும் என் சொத்து.

அந்த வீட்டில் பெண் என்று மாமியாரும் நானும்தான். ஆண்கள் ஒரு பட்டாளம். மாமனார், என் வீட்டுக்காரர், மூன்று கொழுந்தனார்கள், அது போதாதென்று ஏர் ஓட்ட வருகிறவர்கள். ஒருவர் நாஷ்டா முடித்துக் கை கழுவும்போது இன்னொருவர் மதியச் சோற்றுக்கு உட்காருவார். எந்த நேரத்தில் பார்த்தாலும் யாரோ ஒருவர் எதையோ கேட்டுக்கொண்டிருப்பார். மோர் எங்கே, துண்டு எங்கே, அரிவாள் எங்கே. அரிவாள் எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? நானா கதிர் அறுக்கிறேன்?

கல்யாணமாகி வந்த மறு வாரமே மாமியார் ஒரு கூடைத் துணியை என் இடுப்பில் ஏற்றிவிட்டார். கிணறு வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கிறது, கயிறு போட்டு இறைக்க ஜகடை இருக்கிறது, துவைக்கிற கல்லும் இருக்கிறது. நான் கிணற்றைப் பார்த்தேன்.

“அந்தத் தண்ணில தொவைச்சா துணி மஞ்சளா பழுத்துப் பூடும். கலங்கலுக்கு எடுத்துக்கினு போ,” என்றார் மாமியார்.

முதல் நாள் அழுகையாக வந்தது. புது மருமகளைச் சுமை தூக்க வைக்கிற வீட்டில் வந்து விழுந்தோமே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனேன். போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். எதிரே தண்ணீர். நான் பழையசீவரத்துப் பெண். எங்கள் ஊரில் பாலாறு ஓடுகிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நான் அங்கே பார்த்ததெல்லாம் மணல்தான். மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சொம்பில் மொண்டு வளர்ந்தவள். இங்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர், அதன்மேல் காற்று, யாரும் என்னிடம் மோர் கேட்கவில்லை. துணியைத் துவைத்துப் புங்க மரத்துக் கிளையில் போட்டுவிட்டு, காய்கிற வரைக்கும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் மருமகளாகவோ அண்ணியாகவோ இல்லாமல் ஒரு மணி நேரம். அப்படி ஒரு சுகம் உலகத்தில் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகென்ன, துணி துவைப்பதில் எனக்கு இருந்த அக்கறையைப் பார்த்துத் தெருவே மெச்சியது. வெயில் காலத்தில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். சேற்றில் நடந்து போய்த் துவைத்துவிட்டுத் திரும்பவும் கல்லுக்கு வந்துவிடுவேன். அழுக்குத் துணி கிடைக்காத நாளில், முந்தின நாள் துவைத்ததையே கூடையில் போட்டுக்கொண்டு போவேன். மகள் பிறந்த பிறகு அவளை மாமியார் இடுப்பில் விட்டுவிட்டுப் போனேன். மாமியார் ஒருநாளும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதில்லை. நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரே பெருமை.

இப்படி நாலைந்து வருஷம். இடையில் ஒரு வருஷமும் ஏரி வழியவில்லை. அப்புறம்தான் அந்த ஐப்பசி வந்தது. விடாமல் பெய்தது. ஒருநாள் விடியற்காலையில் யாரோ தெருவில், “ஏரி கோடி போவுது” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். கலங்கலில் தண்ணீர் வழிவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். படலைத் திறந்து பார்த்தேன். கல்கட்டு முழுக்க வெள்ளையாகத் தண்ணீர் உருண்டு விழுந்து, பள்ளத்து வாய்க்காலில் இரைச்சல் போட்டுக்கொண்டு ஓடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் கல்லின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் வந்து நக்கிக்கொண்டிருந்தது. இன்று இரண்டு கூடைத் துணி எடுத்து வருவது என்று முடிவு செய்தேன்.

துணியோடு திரும்பி வருவதற்குள் ஊர் வந்துவிட்டது. ஊர் என்றால் எங்கள் ஊர் மட்டும் இல்லை, சுற்றுப்பட்டு எல்லாம். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தும் வந்தார்கள். வழிகிற தண்ணீரில் நின்று குளித்தார்கள், வேட்டியை விரித்து மீன் பிடித்தார்கள். தென்னேரியிலிருந்துகூட வந்திருந்தார்கள். அவர்கள் ஊர் ஏரி எங்களுடையதைவிடப் பெரியது. இருந்தாலும் அடுத்த ஊரில் வழிகிற தண்ணீரைப் பார்ப்பதில் மனிதனுக்கு ஏதோ இருக்கிறது. கூட்டத்துக்குப் பின்னால் கடைகள் வந்தன. வேர்க்கடலை, குச்சி ஐஸ், வளையல், பலூன். சரி, வரட்டும் என்று இருந்தேன். மூன்றாவது நாள் போனபோது என் கல்லின் மேல் ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் வறுத்துக்கொண்டிருந்தவள் எனக்குத் தெரிந்தவள்தான். காலனிக்காரி, என்னைவிட நாலைந்து வயது பெரியவள். எங்கள் வயலில் நடவுக்கு வருவாள். அவள் பாட்டெடுத்தால் மற்ற பெண்கள் பின்னால் பாடுவார்கள். வயலெல்லாம் தண்ணீரில் கிடக்கும்போது நடவு ஏது, கூலி ஏது? அதனால் புங்க மரத்தில் நாலு பனை ஓலையைச் சாய்த்து, தோசைக்கல் போட்டு, மிளகாய் அரைத்துத் தடவிய கெண்டையைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நீளக் கரையில் அவளுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

இது நான் துணி துவைக்கிற கல், எடு அடுப்பை என்றேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு நிதானமாக என்னைப் பார்த்தாள்.

“கரை பொறம்போக்கு சின்னம்மா. கல்லு உன்னுதுன்னா தாராளமா எடுத்துக்கினு போ. நான் வேற கல்லு பாத்துக்கறேன்.”

அந்தக் கல்லைத் தூக்க ஒரு யானை வேண்டும். சுற்றி நின்று தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என் காது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பேஜார்தான். புகை எங்கள் தோட்டத்துக்குள் வந்தது. மீன் தின்றவர்கள் முள்ளை எங்கள் வேலிக்குள் எறிந்தார்கள், அதைத் தின்ன ஊர்ப் பூனையெல்லாம் வந்தது. குடிக்கத் தண்ணீர் குடு தாயி என்று படலைத் தட்டினார்கள். ஒரு ஆள் உப்பு கேட்டான். இன்னொருவன் குளித்துவிட்டு வந்து, வாசலில் நின்று சீப்பு கேட்டான். முன்பு வீட்டுக்குள்ளே மட்டும்தான் ஆண்கள் எதையாவது கேட்டார்கள். இப்போது பின்பக்கமும் ஆரம்பித்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு கூத்து. எங்கள் தெருக்காரர்கள் காலனிக்காரர் கையால் வாங்கித் தின்னக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். வெட்கமில்லாத கட்டுப்பாடு. அவர்கள் நட்ட நெல்லைத் தின்னலாம், பொரித்த மீனைத் தின்னக் கூடாது. மூன்று நாள்தான் அது தாங்கியது. பொழுது சாய்ந்ததும் ஓலைக்குப் பின்பக்கம் ஒவ்வொரு கையாக நீள ஆரம்பித்தது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். மீசையில் மிளகாய் மணம். எந்த மாடு மீன் தின்றது என்று கேட்டேன். அவர் மறுபடியும் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

கல் போனதால் நான் வீட்டுக் கிணற்றடியிலேயே துவைக்க வேண்டியதாயிற்று. பழுத்தால் பழுக்கட்டும் என்ற கோபத்தில் மாமனாரின் வெள்ளை வேட்டியைத்தான் முதலில் எடுத்தேன். துவைத்து உலர்த்தினேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வேட்டி பளிச்சென்று கொக்கு மாதிரி இருந்தது. மறுநாளும் துவைத்துப் பார்த்தேன், மறுவாரமும் பார்த்தேன். ஒரு துணிகூடப் பழுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஒரு குற்றமும் கிடையாது.

அப்படியானால் இத்தனை வருஷமாக என்னை எதற்குக் கூடை சுமக்க வைத்தார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புது மருமகளை அடக்கி வைக்க இந்த அம்மாள் செய்த வேலை என்று முடிவு கட்டினேன். அதை நான் சுகமாக மாற்றிக்கொண்டது என் சாமர்த்தியம், அவர் நினைத்தது என்னவோ கொடுமைதான். இதைக் கேட்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்தேன். ஆனால் முதலில் கல்.

ஊரில் வழக்குத் தீர்க்கிறவர் நாட்டாண்மைக்காரர். அவர் வீட்டுக்கு என் வீட்டுக்காரரை முன்னால் தள்ளிக்கொண்டு போனேன். பேசியது நான்தான். பொது இடத்தில் கடை போட்டு, குடியிருக்கிற வீட்டுக்கு இடைஞ்சல் செய்யலாமா என்று கேட்டேன். அவர் மூக்குப்பொடியைத் தட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு, ஏரியில் எது பொதுவோ அதை ஊர் ஏலம் விடுகிறது என்றார். மீனை ஏலம் விடுகிறது, கோரையை விடுகிறது, கரையில் இருக்கிற புளிய மரத்தை விடுகிறது. கோடி போகிற வருஷத்தில் கலங்கல் கரையையும் ஏலம் விடுகிற பழக்கம் உண்டு, எடுத்தவர்கள் கடை வைத்தாலும் சரி, சும்மா போட்டு வைத்தாலும் சரி, தண்ணீர் நிற்கிற வரைக்கும் கரை அவர்களுடையது என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எடுத்துச் சும்மா போட்டு வைக்கலாமாம். அதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். மாமியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“கரை எடுக்கறதுன்னா இன்னா ஏதுன்னு தெரியுமா?” என்றார்.

எல்லாம் தெரியும் அத்தை என்றேன். கிணற்று விஷயத்தில் என்னை ஏமாற்றியவரிடம் இனிமேல் என்ன கேட்பது என்ற வீம்பு. தெரிந்தால் சரி என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஏலம் ஆலமரத்தடியில் நடந்தது. பெண்கள் ஏலத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. நான் எதிர் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இருமினால் கேளுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். தொண்டை வறளும் வரை இருமத் தயாராக இருந்தேன். ஒரே ஒரு தடவைதான் இருமினேன். அவர் ஒரு தொகை சொன்னார். எதிர்த்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடலைக்காரர் மேலே பார்த்தார், வளையல்காரர் கீழே பார்த்தார். கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த மீன்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோற்றுப்போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அது சிரிப்பு என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது.

சாயங்காலம் அடுப்படியில் இருந்தேன். தெருவில் தண்டோரா போடுகிற சத்தம். வருகிற வெள்ளிக்கிழமை கலங்கல் கரையில் ஏழு கன்னிமாருக்குப் பொங்கல், சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வர வேண்டும், வந்த ஜனத்துக்கெல்லாம் மீன் குழம்பும் சோறும் உண்டு, கரை எடுத்த வீட்டுக்காரர்கள் பொறுப்பு. தண்டோராக்காரர் எங்கள் வாசலில் நின்று இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போனார்.

கையில் இருந்த கரண்டி விழுந்தது. மாமியார் எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் பாலாற்றில் கரையை எடுத்தவர் என்று யாரும் இருந்ததில்லை. தண்ணீர் இருந்தால்தானே கரை என்று ஒன்று. ஏரி உள்ள ஊரில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். கோடி போகிற வருஷத்தில் கரை எடுக்கிறவர்கள் கன்னிமாருக்குப் படைத்துக் கூட்டத்துக்குச் சோறு போட வேண்டும். அதனால்தான் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து எடுத்து, சேர்ந்து செலவு செய்வார்கள். தனியாக யாரும் எடுக்க மாட்டார்கள். கூட்டம் வேண்டாம் என்று கரை எடுத்தவள் ஊர் சரித்திரத்திலேயே நான் ஒருத்திதான். ஊரையே கூப்பிட்டு என் வீட்டுப் பின்பக்கம் உட்கார வைத்து நானே பரிமாற வேண்டும்.

மறுநாள் காலையில் கலங்கலுக்குப் போனேன். கடைகள் எல்லாம் கிளம்பிவிட்டிருந்தன. மீன்காரம்மா கல்லைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அடுப்பு இருந்த இடத்தில் மட்டும் கரி. உட்கார்ந்தேன். எதிரே தண்ணீர், மேலே காற்று, கேட்க ஆளில்லை. நான் கேட்டது எல்லாமே கிடைத்துவிட்டது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் உலை எத்தனை வைப்பது, அண்டாவுக்கு யாரைக் கேட்பது என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

பொங்கல் எனக்கு வைக்கத் தெரியும். ஊருக்கே மீன் குழம்பு வைக்க எனக்கு எங்கே தெரியும்? மாமியாரிடம் யோசனை கேட்கவும் வீம்பு விடவில்லை. வேறு வழியில்லாமல் மீன்காரம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வோணும்னா சின்னம்மாவையே வரச் சொல்லு என்று அவள் திருப்பிச் சொல்லி அனுப்பினாள். எங்கள் தெருப் பெண்கள் காலனிக்குள் போகிற வழக்கம் அப்போது கிடையாது. காது சிவக்கச் சிவக்க நடந்தேன். அவள் வீட்டு வாசலில், சிலுவை மாட்டியிருந்த கதவுக்கு முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். நானும் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது.

வருகிறேன், ஆனால் இரண்டு கண்டிஷன் என்றாள். முதலாவது, பொங்கல் முடிந்த பிறகும் தண்ணீர் நிற்கிற வரைக்கும் அந்தக் கல்லில் அவள் கடை இருக்கும். சரி என்றேன். இரண்டாவதைச் சொல்லும்போது அவள் பூண்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உங்க தெரு ஆளுங்க இருட்டுல கையை நீட்றாங்கோ. எனக்குக் கைதான் தெரியுது, மூஞ்சி தெரியல. வோணுங்கறவங்க வெளிச்சத்துல வந்து வாங்கச் சொல்லு சின்னம்மா.”

அதற்கு நான் எப்படி வாக்குக் கொடுப்பது? என் வீட்டுக்காரருடைய கைக்கு மட்டும் நான் பொறுப்பு என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கூலி பேச மறந்து கிளம்பிவிட்டு, திரும்பிப் போய்ப் பேசினேன். அதிலும் அவள்தான் ஜெயித்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கரை கொள்ளாத கூட்டம் வந்தது. கன்னிமார் ஏழு பேரும் கரையோரத்தில் மஞ்சள் பூசிய ஏழு சின்னக் கற்கள். அவர்களுக்குப் பொங்கலைப் படைத்துக் கற்பூரம் காட்டி முடித்ததும் பந்தி. கொழுந்தனார்கள் மூன்று பேரையும் இலை போட வைத்தேன், மாமனாரைத் தண்ணீர் ஊற்ற வைத்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வீட்டு ஆண்கள் மற்றவர்களுக்கு மோர் எங்கே என்று தேடினார்கள். பார்க்கக் கண் கொள்ளாத காட்சி. அந்தப் பக்கம் மீன்காரம்மா என் கல்லில் அடுப்பைப் பற்றவைத்து, சோற்றோடு தொட்டுக்கொள்ள மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வெளியூர்க்காரர்கள் மொய்த்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் குழம்பும் சோறும் மட்டும் தின்றுவிட்டு, பொரிக்கிற பக்கம் திரும்பாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழம்பும் அவள் வைத்ததுதான். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போது எங்கள் தோட்டத்துப் படல் திறந்தது. மாமியார் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளாக அவர் அந்தப் படலைத் தாண்டிப் பார்த்ததில்லை. ஓடிப்போய், வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். பூட்டிவிட்டேன் என்றார். எங்கள் வீட்டுக்குப் பூட்டு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். யாராவது ஒருத்தி எப்போதும் உள்ளே இருந்ததால் அதற்கு வேலை வந்ததில்லை.

அவர் பந்திப் பக்கமே போகவில்லை. நேராகப் புங்க மரத்தடிக்கு வந்தார். கல்லில் அடுப்பு போக ஒரு ஓரம் மிச்சமிருந்தது. அந்த ஓரத்தில், இடம் பழகியவர் மாதிரிக் கண்ணால்கூடப் பார்க்காமல், உட்கார்ந்தார். மகளை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு மீன் குடு என்று மீன்காரம்மாவிடம் கை நீட்டினார். பட்டப்பகல். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மீன்காரம்மா தோசைக்கல்லில் இருந்ததிலேயே பெரிய கெண்டையை எடுத்து இலையில் வைத்துக் கொடுத்தாள். மாமியார் முள்ளெடுத்து நிதானமாகத் தின்றார். காரம் சரியாகக் கீது என்றார். அதற்கப்புறம் எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக ஏரியைப் பார்ப்பதை நிறுத்தினார்கள். வெளிச்சத்தில் முதலில் வந்து நின்றவர் என் வீட்டுக்காரர். மீன்காரம்மா அவர் கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். ஓ, இந்தக் கையா என்றாள்.

கூட்டம் குறைந்ததும் நான் மாமியார் பக்கத்தில் போய் நின்றேன். முடிச்சுப் போட்டு வைத்ததை அவிழ்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. கிணற்றுத் தண்ணீரில் துவைத்தால் துணி பழுக்கவே இல்லையே அத்தை என்றேன்.

“பழுக்காது. எனக்குத் தெரியாதா?” என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

அப்புறம் எதுக்கு என்னை இங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவர் எண்ணெய்க் கையைப் புங்க இலையில் துடைத்தார்.

“நான் வந்த புதுசுல எம் மாமியா இதே பொய்யத்தான் சொன்னாங்கோ. அப்பறம் நெதம் இந்தக் கல்லுலதான் குந்திக்கினு இருப்பேன். நீ வந்தே. வூட்ட வுட்டுட்டு ரெண்டு பேரும் வர முடியுமா? கல்லும் ஒண்ணுதானே கீது.”

நான் ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்த ஒவ்வொரு மணி நேரமும் அவர் உள்ளே நின்று, மோர் எங்கே என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். மீன்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அடுப்பைத் தணித்து, சூடான தோசைக்கல்லையும் அடுப்பையும் துணியால் பிடித்துத் தரையில் இறக்கி வைத்தாள். நான் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தேன், என் பக்கத்தில் அவள். மூன்று பேருக்கு அந்தக் கல் நெருக்கம்தான்.

தை பிறப்பதற்குள் வழிகிற தண்ணீர் நின்றது. மீன்காரம்மா நடவுக்குத் திரும்பினாள். கல் மறுபடியும் எனக்கு வந்தது. முதல் நாள் காலையில் கூடையில் துணியை எடுத்து வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு முடியவில்லை அத்தை, இன்றைக்கு நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். கோபம் மாதிரி இடுப்பு வலி காதில் தெரியாது போலிருக்கிறது. கூடையை எடுத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் எனக்கு இடுப்பு வலி. வயதான மாமியாரைத் துணி சுமக்க வைக்கிற ராங்கிக்காரி என்று தெருவில் என் பேர் கெட்டது. குழாயடி வந்த பிறகு அங்கேயும் என்னைப் பற்றித்தான் பேச்சு. அவர்களை நாலு வார்த்தை கேட்க வாய் துறுதுறுத்தது. அவ்வளவு கோபத்தையும் விழுங்கினேன். எனக்கே ஆச்சரியம்தான். மாமியாரும் ஒருத்தரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. சொன்னால் கல் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த முதல் நாள் அவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் நாலு பேர் என்னிடம் மோர் கேட்டுவிட்டார்கள், மாமனார் அரிவாள் கேட்டார். படல் திறந்த சத்தம் கேட்டுப் போய்க் கூடையை வாங்கினேன். நான் வைத்து அனுப்பிய அழுக்குத் துணியெல்லாம் கிணற்றடியில் அப்படியே குவிந்து கிடந்தது. கூடையில் இரண்டே இரண்டு துண்டுகள். இரண்டும் முந்தின நாள் நான் துவைத்தவை.